துக்கமும் துக்கம் விசாரித்தலும்

சாவு விஷயத்தில் நம் முன்னோர்கள் மிகவும் கணக்காக இருந்தார்கள். பங்காளி இறந்தால் பத்து நாள் தீட்டு. அதற்கு அடுத்த உறவுக்கு மூன்று நாள். இன்னும் தூரத்து உறவென்றால், செய்தி காதில் விழுந்தவுடன் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். ஜாதிக்கு ஜாதி, ஊருக்கு ஊர் இந்தக் கணக்கு மாறும். ஆனால் கணக்கு இல்லாத இடம் இல்லை. எல்லாச் சாவுக்கும் ஒரே மாதிரி அழ மனித நெஞ்சினால் ஆகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அதை ஒளிக்கவும் இல்லை. அதற்காக வெட்கப்படவும் இல்லை.

அதே பெரியவர்கள் இன்னொரு விதியும் வைத்திருந்தார்கள். அது துக்கம் விசாரித்தல். தெருவில் ஒரு சாவு விழுந்தால், உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் போய் வாசலில் நிற்க வேண்டும். கல்யாணத்துக்கு வராதவனை மன்னித்து விடுவார்கள். துக்கத்துக்கு வராதவனை மன்னிக்க மாட்டார்கள். கண்ணீர் வந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. வந்து, “எப்படி நடந்தது?” என்று கேட்டானா என்றுதான் பார்ப்பார்கள். துக்கம் உறவைப் பொறுத்தது. துக்கம் விசாரிப்பது தர்மத்தைப் பொறுத்தது.

இந்நாளில் உலகமே ஒரு தெருவாகிவிட்டது என்கிறார்கள். சட்டைப்பையில் இருக்கும் கைபேசி, பூமியின் எந்த மூலையில் விழுந்த சாவையும் அரை நாழிகையில் நம்மிடம் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. அப்படியானால் இந்தத் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஜனங்கள் போய் நிற்கிறார்களா? சில வீட்டு வாசலில் கூட்டம் தாங்கவில்லை. சில வீடுகளில் பிணத்தைத் தூக்க நாலு பேர் இல்லை. இது ஏன் என்பதைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்ப்போம்.

* * *

2023-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஒரே வாரத்தில் இரண்டு கடல் விபத்துக்கள் நேர்ந்தன. முதலாவது, ஜூன் 14-ந் தேதி பின்னிரவில் கிரீஸ் தேசத்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால், பைலாஸ் துறைமுகத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் நடந்தது. லிபியாவிலிருந்து இத்தாலிக்குப் புறப்பட்ட ‘அட்ரியானா’ என்ற பழைய மீன்பிடிக் கப்பல் கவிழ்ந்தது. அதில் சுமார் 750 பேர் இருந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். எகிப்தியர், சிரியர், பாகிஸ்தானியர், பாலஸ்தீனியர் எனப் பல தேசத்து ஏழைகள். உயிரோடு கரை சேர்ந்தவர்கள் 104 பேர். கிடைத்த உடல்கள் 82. மற்றவர்களைக் கடல் கொண்டது. பெண்களும் குழந்தைகளும் கீழ்த்தட்டில் அடைபட்டிருந்தார்கள். பிழைத்தவர்களில் ஒரு பெண்கூட இல்லை.

இரண்டாவது, நாலு நாள் கழித்து, ஜூன் 18-ந் தேதி. அட்லாண்டிக் கடலில் ஏறக்குறைய 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் ‘டைட்டானிக்’ கப்பலின் சிதைவைப் பார்ப்பதற்காக ‘டைட்டன்’ என்ற சிறு நீர்மூழ்கியில் ஐந்து பேர் இறங்கினார்கள். ஒரு ஆசனத்தின் விலை 2,50,000 டாலர். இறங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் தொடர்பு அறுந்தது. அமெரிக்கா, கானடா, பிரான்ஸ் முதலிய தேசங்களின் கப்பல்களும் விமானங்களும் தேடின. உள்ளே 96 மணி நேரத்துக்குப் பிராணவாயு இருக்கும் என்று சொல்லப்பட்டது. உலகம் முழுவதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. 22-ந் தேதி உடைந்த பாகங்கள் கிடைத்தன. முதல் நாளே அது நொறுங்கிவிட்டது என்று பிறகு தெரிந்தது.

ஐந்து பேரின் பெயரும், தொழிலும், குடும்பமும் நாலு நாளில் உலகத்துக்குத் தெரிந்துவிட்டன. மற்ற அறுநூறு சொச்சம் பேரில் ஒருவர் பெயரையாவது நம் நேயர்கள் கேள்விப்பட்டதுண்டா?

“வெள்ளைக்காரன் செத்தால் உலகம் அழும், கறுப்பன் செத்தால் அழாது, அவ்வளவுதானே?” என்று சிலர் சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. நீர்மூழ்கியில் இறந்த ஐவரில் இருவர் தந்தையும் மகனும். பாகிஸ்தானில் பெயர்பெற்ற செல்வக் குடும்பத்தினர். கவிழ்ந்த மீன்பிடிக் கப்பலிலும் நூற்றுக்கணக்கான பாகிஸ்தானியர் இருந்தார்கள். இருசாராரும் ஒரே தேசத்தார். ஆயினும் உலகத்தின் துக்கம் ஒரு பக்கம் பெருகிற்று, மறுபக்கம் வறண்டது. ஆகவே நிறத்தோடு வேறு சில காரணங்களும் சேர்ந்திருக்கின்றன.

முதற் காரணம், கதை. நீர்மூழ்கி விஷயத்தில் ஒரு கெடு இருந்தது. கெடுவுக்குள் பிழைப்பார்களா என்ற கேள்வி இருந்தது. நாளை என்ன ஆகும் என்று தெரியாத கதையை யாரும் பாதியில் விட்டுப் போக மாட்டார்கள். மீன்பிடிக் கப்பல் விஷயத்தில் செய்தி வந்தபோதே கதை முடிந்துவிட்டது. இரண்டாவது காரணம், பழக்கம். 2014 முதல் 2023 வரை மத்தியதரைக் கடலில் இறந்தும் காணாமலும் போனவர்கள் 25,000-க்கு மேற்பட்டவர்கள். தினந்தோறும் அடிக்கும் சாவுமணி காதில் விழுவதில்லை. மூன்றாவது காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அது பெயர்ப் பட்டியல்.

* * *

நம் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் பிள்ளைகளிடம், “கடலில் மூழ்கிய கப்பல் ஒன்றின் பெயர் சொல்லுங்கள்” என்று கேட்டோம். வகுப்பு முழுவதும் ‘டைட்டானிக்’ என்று கூவிற்று. “இன்னொன்று?” என்றோம். நிசப்தம். பின்பெஞ்சில் இருந்த ஒரு பையன் எழுந்து, “இன்னொன்று மூழ்கியிருக்கிறதா, ஸார்?” என்று கேட்டான். நாம் கேட்ட கேள்வியைவிட அவனுடைய கேள்வி மேலானது.

மூழ்கியிருக்கிறது. 1912-ஆம் வருஷம் ஏப்ரலில் டைட்டானிக்கில் சுமார் 1,500 பேர் இறந்தார்கள். 1987-ஆம் வருஷம் டிசம்பர் 20-ந் தேதி பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கிடையே ‘டோன்யா பாஸ்’ என்ற பிரயாணிக் கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதித் தீப்பற்றியது. இறந்தவர்கள் 4,300-க்கு மேல் என்று கணக்கிடப்பட்டது. இரு கப்பல்களிலும் சேர்த்துப் பிழைத்தவர்கள் 26 பேர். 2002-ஆம் வருஷம் செப்டம்பர் 26-ந் தேதி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் செனகால் தேசத்து ‘லெ ஜூலா’ கவிழ்ந்தது. ஏறக்குறைய 580 பேருக்கென்று கட்டிய கப்பலில் அதைப்போல் மூன்று மடங்கு ஜனங்கள் ஏறியிருந்தார்கள். இறந்தவர்கள் 1,800-க்கு மேல். பிழைத்தவர்கள் 64 பேர்.

டைட்டானிக்கில் யார் யார் ஏறினார்கள், எந்த வகுப்பில் போனார்கள், எந்தப் படகில் இறங்கினார்கள் என்பதெல்லாம் ஏட்டில் இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் போன கூலியாளுக்கும் அதில் ஒரு வரி உண்டு. டோன்யா பாஸின் பட்டியலில் இருந்த பெயர்கள் சுமார் 1,500 மட்டுமே. பண்டிகைக்கு ஊர் திரும்பிய மற்ற ஆயிரக்கணக்கானோர் பட்டியலில் ஏறாமல் கப்பலில் ஏறியவர்கள். அவர்கள் இறந்தார்கள் என்பதை நிரூபிக்கவே அவர்களுடைய வீட்டார் சாட்சி தேட வேண்டியிருந்தது. உயிரோடிருந்தபோது ஏட்டில் இல்லாதவன் இறந்த பிறகும் ஏட்டில் இல்லை. பெயரில்லாத பிணத்துக்கு முன்னால் உலகம் தயங்கி நிற்கிறது. பிறகு நகர்ந்து போய்விடுகிறது.

மனத்தின் இந்தச் சுபாவத்தை அமெரிக்கப் பேராசிரியர்கள் மூவர் ஒரு சோதனையால் காட்டியிருக்கிறார்கள். 2007-ஆம் வருஷம் அது வெளியாயிற்று. சிலர் கையில் ஐந்து டாலர் கொடுத்து, ஆப்பிரிக்காவின் பட்டினிக்கு விரும்பியதை அளிக்கச் சொன்னார்கள். ஒரு கூட்டத்துக்கு மாலி தேசத்துச் சிறுமி ஒருத்தியின் படத்தையும் கதையையும் காட்டினார்கள். அவர்கள் சராசரி 2.38 டாலர் கொடுத்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு லட்சக்கணக்கானோர் பட்டினி என்ற புள்ளிவிவரத்தை மட்டும் காட்டினார்கள், 1.14 டாலர் கிடைத்தது. மூன்றாவது கூட்டத்துக்குச் சிறுமியையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்தே காட்டினார்கள். அதிகம் கிடைக்க வேண்டுமல்லவா? கிடைத்தது 1.43 டாலர்தான். ஒரு குழந்தைக்காக உருகிய மனம், அவளுக்குப் பின்னால் லட்சம் பேர் நிற்கிறார்கள் என்று தெரிந்ததும் கையை இழுத்துக்கொண்டது. கணக்கு வாத்தியாருக்கு இதைவிட அவமானமான கணக்கு வேறு இல்லை.

* * *

பெயரில்லாத சாவைவிட மோசமானது தேதியில்லாத சாவு. பூகம்பத்துக்குத் தேதி உண்டு. எரிமலைக்கு நாழிகைகூட உண்டு. பஞ்சத்துக்கு எந்த நாளைச் சொல்வது? 1968 முதல் 2002 வரை உலகில் நேர்ந்த சுமார் 5,000 இயற்கை விபத்துக்களை அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளோடு ஒப்பிட்டு, ஸ்வீடன் தேசத்துப் பொருளாதார ஆராய்ச்சியாளர் இருவர் ஒரு கணக்குப் போட்டார்கள். எரிமலையால் இறந்த ஒருவருக்குக் கிடைக்கும் கவனம் பஞ்சத்துக்குக் கிடைக்க வேண்டுமானால் ஏறக்குறைய 40,000 பேர் இறக்க வேண்டுமாம். ஒலிம்பிக் பந்தயம் நடக்கும் சமயத்தில் விபத்து நேர்ந்தால் அதற்குச் செய்தியிலும் இடம் குறைகிறது. அமெரிக்க உதவி கிடைப்பதும் குறைகிறது. இறப்பவர்கள் நாள் பார்த்து இறக்க வேண்டும் போலும்!

வங்காளப் பஞ்சத்தை நினைத்தால் இது சிரிப்பாகத் தோன்றாது. 1943-ஆம் வருஷம் அங்கே இறந்தவர்கள் 15 லக்ஷம் என்று அன்றைய விசாரணைக் கமிஷன் கூறிற்று. பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் 30 லக்ஷம் வரை கணக்கிடுகிறார்கள். அந்த வருஷம் முழுவதும் பிரிட்டிஷ் சர்க்கார் அதைப் பஞ்சமென்று சட்டப்படி பிரகடனம் செய்யவேயில்லை. பிரகடனம் செய்தால் பஞ்ச நிவாரண விதிகளின்படி சோறு போட வேண்டும். கல்கத்தா வீதிகளில் ஜனங்கள் விழுந்து மடிந்துகொண்டிருந்தார்கள். உலகமோ மகாயுத்தத்தின் செய்தியில் மூழ்கியிருந்தது. ஆகஸ்டு 22-ந் தேதி கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகை, அதன் ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸின் துணிவினால், அந்த வீதிகளின் புகைப்படங்களை வெளியிட்டது. அதன் பிறகே லண்டனும் டில்லியும் கண் விழித்தன. சித்தப்பிரசாத் என்ற ஓவியர் பஞ்சப் பிரதேசங்களில் கால்நடையாகச் சுற்றி, கண்டதைக் கோடுகளாகத் தீட்டிப் புத்தகமாக்கினார். சர்க்கார் அதன் பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. ஒரு சாம்ராஜ்யம் சித்திரப் புத்தகத்தைக் கண்டு ஏன் பயந்தது? அழுகிற ஜனங்கள் அடுத்தபடியாகக் கேள்வி கேட்பார்கள் என்பது அதற்குத் தெரியும்.

அந்தப் பஞ்சத்தை ஒன்பது வயதுச் சிறுவனாக வங்காளத்தில் கண்டவர் அமர்த்தியா ஸென். ஜனநாயகமும் சுதந்திரமான பத்திரிகைகளும் உள்ள தேசத்தில் பெரும் பஞ்சம் தலைகாட்டியதில்லை என்று அவர் பிற்காலத்தில் வாதித்தார். பத்திரிகை எழுதினால் நெல் விளையாது. ஆனால் களஞ்சியத்தின் பூட்டுத் திறக்கும்.

அருகாமையும் ஒரு காரணமே. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி எழுந்த கடற்கோள், பதினான்கு தேசங்களில் 2,20,000-க்கு மேற்பட்டவர்களைக் கொண்டு போயிற்று. தமிழ் நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர். நாகப்பட்டினக் கரையின் ஓலம் இன்னும் நம் காதில் இருக்கிறது. அன்று உலகமே அள்ளிக் கொடுத்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த ஐரோப்பியர்களும் அதில் இறந்தார்கள். ஸ்வீடன் தேசத்தார் மட்டும் 543 பேர். அலையை அவர்களுடைய காமிராக்களே படம் பிடித்திருந்தன. பத்து மாதம் கழித்து, 2005 அக்டோபர் 8-ந் தேதி, காஷ்மீர் மலைகளில் பூகம்பம் உண்டாகி 70,000-க்கு மேல் மாண்டார்கள். குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது; கூடாரத்துக்கும் கம்பளிக்கும் பணம் கேட்டு ஐக்கிய நாடுகள் சபை திரும்பத் திரும்பக் கைநீட்ட வேண்டியிருந்தது. அந்த மலையில் விடுமுறைக்கு வந்தவர்கள் இல்லை.

* * *

இவ்வளவையும் கேட்டவுடன் சிலருக்குக் கோபம் வருகிறது. கோபம் நியாயமானது, ஆனால் அது போகும் வழி நியாயமாக இருப்பதில்லை. 2015-ஆம் வருஷம் நவம்பர் 13-ந் தேதி பாரிஸ் நகரில் பயங்கரவாதிகள் 130 பேரைக் கொன்றார்கள். அதற்கு முதல் நாள் பெய்ரூட்டில் குண்டு வெடித்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டிருந்தார்கள். பாரிஸுக்காகப் பல நகரங்களின் கட்டடங்களில் பிரெஞ்சுக் கொடியின் மூவர்ண விளக்குகள் எரிந்தன. பேஸ்புக்கில் ஜனங்கள் தங்கள் முகத்தின் மீதே அந்த வர்ணத்தைப் பூசிக்கொண்டார்கள். பெய்ரூட்டுக்கு விளக்குமில்லை, வர்ணமுமில்லை. உடனே ஒரு கூட்டம், பாரிஸுக்காக அழுதவர்களைப் பிடித்துக்கொண்டு, “பெய்ரூட்டுக்கு ஏன் அழவில்லை?” என்று திட்டத் தொடங்கிற்று. ஒரு சாவு வீட்டில் நுழைந்து, “பக்கத்துத் தெருச் சாவுக்கு நீ ஏன் போகவில்லை?” என்று சண்டை பிடிப்பவனை நம் ஊரில் என்ன செய்வார்கள் என்பது நேயர்களுக்குத் தெரியும். ஒருவன் கண்ணீரைத் துடைத்தால் இன்னொருவனுக்குக் கண்ணீர் சுரந்துவிடாது.

அந்த வாரத்தில் இன்னொரு விசித்திரமும் நடந்தது. கென்யா தேசத்தின் காரிஸ்ஸா கல்லூரியில் 148 பேர் கொல்லப்பட்ட செய்தியை லக்ஷோபலக்ஷம் பேர் படித்து, அதைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பொருமினார்கள். ஆனால் அந்தப் படுகொலை நடந்தது ஏப்ரல் 2-ந் தேதி. செய்தியும் அப்போதே வெளிவந்தது. ஏழு மாதம் அது வாசகனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. பத்திரிகைகள் எழுதவில்லை என்று சொல்லுமுன், எழுதியதை நாம் படித்தோமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஸ்காட்லாந்தின் ஆடம் ஸ்மித் 1759-ஆம் வருஷம் வெளியிட்ட தர்ம சாஸ்திர நூல் ஒன்றில் இதே பிரச்னையை எடுத்துக்கொண்டார். சீன தேசம் முழுவதும் பூகம்பத்தில் விழுந்துவிட்டதென்று கேள்விப்படும் ஐரோப்பியன் சற்று வருந்துவான். பிறகு நன்றாகத் தூங்குவான். நாளைக்குத் தன் சுண்டுவிரல் போய்விடும் என்று தெரிந்தாலோ இரவெல்லாம் விழித்திருப்பான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது நம் பாட்டிமாரின் வார்த்தை. இந்த உவமையைப் பலர் எடுத்துச் சொல்லி, மனிதன் இவ்வளவுதான் என்று முடித்துவிடுகிறார்கள். ஸ்மித் அங்கே முடிக்கவில்லை. அந்தச் சுண்டுவிரலைக் காப்பாற்றுவதற்காகச் சீனர் அத்தனை பேரையும் சாகவிட அவன் சம்மதிப்பானா என்று அவர் அடுத்தபடியாகக் கேட்கிறார். சம்மதிக்க மாட்டான். அங்கே அவனைத் தடுப்பது அனுதாபமல்ல, மனச்சாட்சி. நெஞ்சு தூங்கும் இடத்திலும் மனச்சாட்சி விழித்திருக்கக்கூடும்.

எனவே, எல்லோருக்காகவும் சமமாக அழ வேண்டும் என்று நாம் உபதேசம் செய்ய வரவில்லை. அது ஆகிற காரியமல்ல. விசாரிப்பது ஆகிற காரியம். ‘விசாரணை’ என்ற சொல் நம் பாஷையில் இரண்டு வேலை செய்கிறது: சாவு வீட்டிலும் அதுதான், நியாயஸ்தலத்திலும் அதுதான். இரண்டுக்கும் தொடர்பு உண்டு. டைட்டானிக்குக்காக உலகம் அழுததால் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் விசாரணை நடந்தது. 2,200 பேர் ஏறிய கப்பலில் 1,178 பேருக்கே படகு இருந்தது வெளிப்பட்டது. 1914-இல் கப்பற் பிரயாணப் பாதுகாப்புக்காகத் தேசங்கள் கூடி உடன்படிக்கை செய்துகொண்டன. லெ ஜூலா விஷயத்தில், கப்பலோடு இறந்த தலைவன் மீது பொறுப்பைப் போட்டு, செனகால் 2003-இல் வழக்கை மூடிவிட்டது. டைட்டனுக்காக அமெரிக்கக் கரைக்காவற் படை 2024 செப்டம்பரில் பகிரங்க விசாரணை நடத்திற்று. பைலாஸ் விஷயத்திலோ, காவற் கப்பல் கயிறு கட்டி இழுத்ததால்தான் கவிழ்ந்தது என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். உதவி வேண்டாமென்று மறுத்தது கப்பல்தான் என்று அதிகாரிகள் சொன்னார்கள். பிழைத்தவர்களிலேயே ஒன்பது பேரைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். அந்த வழக்கு 2024 மே மாதம் தள்ளுபடியாயிற்று. கரைக்காவற் படையினர் 17 பேர்மீது குற்றச்சாட்டு எழுந்தது 2025 மே மாதத்தில்தான். அதுவும் இறந்தவர்களின் வீட்டாரும், அவர்களுக்காக வழக்காடியவர்களும், சில பத்திரிகையாளர்களும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததன் பலன். உலகம் திரும்பிப் பார்க்காத சாவு வீட்டிலும், வாசலை விட்டு நகராத நாலு பேர் இருந்தால் கதவு திறக்கிறது.

குடும்பஸ்தர்களாகிய நாம் செய்யக்கூடியது சிறிதுதான், ஆனால் செய்யக்கூடியது. பெரிய விபத்துச் செய்தி வந்தால், எத்தனை பேர் என்று மட்டும் கேட்காமல், யார், எங்கே போய்க்கொண்டிருந்தார்கள், எதனால் நேர்ந்தது என்று கேட்போம். கொடுப்பதாயிருந்தால், படத்தைப் பார்த்து உருகிய அன்றைக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிடாமல், பத்திரிகைகள் மறந்துபோன மூன்றாவது மாதத்துக்கும் கொஞ்சம் மீதி வைப்போம். வீட்டில் பிள்ளைகள் தேசப்படத்தை விரித்து உட்கார்ந்தால், டைட்டானிக் மூழ்கிய இடத்தைக் காட்டுகிற விரல் டோன்யா பாஸ் எரிந்த இடத்தையும் காட்டட்டும். “இன்னொன்று மூழ்கியிருக்கிறதா?” என்று எந்தப் பிள்ளை கேட்டாலும், “ஆம்” என்று சொல்லிப் பெயரும் தேதியும் கூற வீட்டுக்கு ஒருவராவது இருக்க வேண்டும்.